பெங்களூரு முதல் சான் பிரான்சிஸ்கோ வரை: விமான தூரத்தையும் பயண நேரத்தையும் நீங்களே கணக்கிட முழுமையான வழிகாட்டி

"அப்பா அம்மா இங்கே கிளம்பினால் அங்கே போய்ச் சேர எத்தனை மணி நேரம்?" என்று எங்கள் அபார்ட்மென்ட்டில் கேட்டுப் பாருங்கள். ஒருவர் பதினைந்தரை மணி என்பார், இன்னொருவர் இருபத்தாறு என்பார், போய் வந்த ஒரு பாட்டி முப்பத்தைந்து என்பார். மூன்று பேரும் தவறாகச் சொல்லவில்லை. முதலாமவர் தூரத்தை வேகத்தால் வகுத்தார், இரண்டாமவர் டிக்கெட்டைப் பார்த்தார், பாட்டி தன் வீட்டு வாசலைப் பூட்டியதிலிருந்து மகன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியது வரை எண்ணினார்.

நமக்கு வேண்டியது பாட்டியின் விடை. ஆனால் அதை எட்ட முதல் இரண்டையும் தாண்டித்தான் போக வேண்டும். ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்திலிருந்து பெங்களூரு வழியாகப் பெற்றோரை அனுப்புகிறவர்களுக்குப் பல முறை இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். பெரும்பாலானவர்கள் தடுமாறுவது கணக்கில் அல்ல, வரிசையில். கடைசியில் செய்ய வேண்டிய நேர வித்தியாசக் கழித்தலை முதலில் செய்துவிடுகிறார்கள். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு தாள், பேனா, கைப்பேசியில் கால்குலேட்டர். பயணத் தேதி, குறைந்தபட்சம் மாதமாவது தெரிந்திருக்க வேண்டும். மாதம் தெரியாமல் நேர வித்தியாசமும் சரியாக வராது, காற்றின் கணக்கும் வராது.

வீட்டில் பிள்ளைகளின் உலக உருண்டை இருந்தால் அதையும் ஒரு நூலையும் எடுத்து வையுங்கள். மூன்றாவது படியில் அது எந்தச் செயலியையும் விட நன்றாகப் புரிய வைக்கும்.

2. ஊர்ப் பெயரை விட்டுவிட்டு விமான நிலையத்தை எழுதுங்கள்

தாளின் மேல் "பெங்களூரு – சான் பிரான்சிஸ்கோ" என்று எழுதாதீர்கள். விமான நிலையக் குறியீட்டை எழுதுங்கள்: பி.எல்.ஆர் – எஸ்.எஃப்.ஓ. விமானம் ஊருக்குப் போவதில்லை, ஓடுபாதைக்குப் போகிறது. தேவனஹள்ளியில் 2008 மே மாதம் திறந்த கெம்பேகவுடா விமான நிலையம் நகரின் நடுவிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. அந்தத் தூரம் விமானக் கணக்கில் சேராது, பத்தாவது படியில் சாலைக் கணக்கில் சேரும்.

அந்தப் பக்கமும் இதே கவனம் வேண்டும். மகன் சன்னிவேலில் இருந்தால் சான் ஹோசே விமான நிலையம்தான் பக்கம். ஃப்ரீமான்ட்டில் இருந்தால் ஓக்லண்டும் உண்டு. நடுவில் டோக்கியோவில் விமானம் மாறுவதாக இருந்தால் நரிட்டாவா ஹனேடாவா என்று இரண்டு சீட்டிலும் பாருங்கள். நரிட்டாவில் இறங்கி ஹனேடாவில் ஏற வேண்டிய டிக்கெட்டும் விற்கப்படுகிறது. இரண்டுக்கும் இடையே அறுபது கிலோமீட்டருக்கு மேல். பெட்டியோடு அந்தத் தூரத்தைக் கடப்பது வயதானவர்களால் ஆகாத காரியம்.

3. நேர்த்தூரத்தைக் கண்டுபிடியுங்கள்

சுவரில் மாட்டும் உலக வரைபடத்தில் கோடு போட்டால் அரபிக்கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் என்று போகும். அது தவறு. உருண்டையைத் தட்டையாக்கும்போது வடக்குப் பகுதி இழுபட்டு விரிந்துவிடுகிறது. உருண்டையில் பெங்களூரில் நூலின் ஒரு முனையையும் சான் பிரான்சிஸ்கோவில் மறுமுனையையும் வைத்து இறுக்கி இழுங்கள். நூல் தானாக வடக்கே ஏறும். நேபாளம், திபெத், மங்கோலியாவின் மேற்குப் பகுதி, சைபீரியா என்று போய், 71 பாகை வடக்கைத் தொட்டு, அலாஸ்கா வழியாக இறங்கும்.

இதுதான் பெருவட்டப் பாதை. உருண்டையின் மேல் இரண்டு இடங்களுக்கு இடையே இதைவிடக் குறைந்த வழி கிடையாது. கிரேட் சர்க்கிள் மேப்பர் என்ற இணையதளத்தில் இரண்டு குறியீடுகளைக் கொடுத்தால் தூரம் வந்துவிடும். கையால் போட விரும்புகிறவர்கள் இரண்டு இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையிலிருந்து பூமியின் மையத்தில் அவற்றுக்கு இடையே உண்டாகும் கோணத்தைக் கண்டு, பாகைக்கு 111.2 கிலோமீட்டர் வீதம் பெருக்கலாம். பெங்களூரு – சான் பிரான்சிஸ்கோ கோணம் 125.8 பாகை, தூரம் சுமார் 13,990 கிலோமீட்டர்.

இங்கே நடக்கும் பொதுவான தவறு அலகில். பல தளங்கள் கடல் மைலில் காட்டும். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், சாதாரண மைல் 1.609. இரண்டையும் குழப்பினால் இந்தப் பயணத்தில் இரண்டாயிரம் கிலோமீட்டர் வரை பிசகும்.

4. எந்த வழியாகப் போகிறீர்கள் என்று எழுதுங்கள்

நேரடி விமானம் கிடைக்காதபோது, அல்லது கட்டுப்படியாகாதபோது, தூரத்தைத் துண்டு துண்டாகக் கூட்ட வேண்டும். சில வழிகளின் பெருவட்டத் தூரம் இதோ:

டெல்லி வழியாக: 1,710 + 12,380 = சுமார் 14,090 கி.மீ.
டோக்கியோ நரிட்டா வழியாக: 6,700 + 8,220 = சுமார் 14,920 கி.மீ.
துபாய் வழியாக: 2,700 + 13,030 = சுமார் 15,730 கி.மீ.
பிராங்க்ஃபர்ட் வழியாக: 7,400 + 9,150 = சுமார் 16,550 கி.மீ.
சிங்கப்பூர் வழியாக: 3,180 + 13,590 = சுமார் 16,770 கி.மீ.

முதல் முறை பார்க்கிறவர்களுக்கு துபாய் வழி பிராங்க்ஃபர்ட்டை விடக் குறைவு என்பது வியப்பாக இருக்கும். நூலை வைத்துப் பார்த்தால் வியப்பு போய்விடும். துபாயிலிருந்து கிளம்பும் நூல் கிட்டத்தட்ட வட துருவத்தை ஒட்டிப் போகிறது.

தூரம் குறைந்த வழியே சிறந்தது என்று இங்கேயே முடிவெடுத்துவிடாதீர்கள். துபாய் வழியில் ஒரு துண்டு நான்கு மணி நேரம், மறு துண்டு பதினாறு மணி நேரம். பிராங்க்ஃபர்ட் வழியில் இரண்டும் ஏறக்குறைய சமம். முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் பதினாறு மணி நேரம் ஒரே இருக்கை பெரிய சோதனை. என் அம்மாவுக்கு நான் பத்தும் பதினொன்றுமாகப் பிரியும் வழியைத்தான் தேர்ந்தெடுப்பேன், மொத்தம் இரண்டு மணி நேரம் கூடினாலும்.

5. தூரத்தை நேரமாக மாற்றுங்கள்

நீண்ட தூர விமானங்கள் ஒலியின் வேகத்தில் 0.84 முதல் 0.85 மடங்கில் பறக்கின்றன. பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் குளிர் மைனஸ் 56 பாகைக்கு இறங்குவதால் ஒலியே அங்கே மெதுவாகத்தான் போகும், மணிக்கு சுமார் 1,060 கிலோமீட்டர். அதில் 0.85 மடங்கு என்றால் 900. "900 கிலோமீட்டர் வேகம்" என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்.

ஆனால் 13,990-ஐ 900-ஆல் வகுத்துப் பதினைந்தரை என்று நிறுத்துவது தவறு. மூன்று காரணங்கள். விமானம் பெருவட்டத்தை அப்படியே பின்பற்றுவதில்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் இல்லை. டிக்கெட்டில் வரும் நேரம், கேட்டை விட்டு நகர்ந்ததிலிருந்து மறு கேட்டில் நிற்பது வரை. ஓடுபாதை வரை ஊர்ந்து போவதும் வரிசையில் நிற்பதும் அதில் அடக்கம்.

நான் பயன்படுத்தும் கணக்கு எளிது: பெருவட்டத் தூரத்தோடு நூற்றுக்கு ஐந்து கூட்டுங்கள், 880-ஆல் வகுங்கள், 40 நிமிடம் சேருங்கள்.

பெங்களூரு – டெல்லியில் சோதித்துப் பாருங்கள். 1,710 கி.மீ., ஐந்து விழுக்காடு சேர்த்தால் சுமார் 1,795. வகுத்தால் 2 மணி 2 நிமிடம், நாற்பதும் சேர்த்தால் 2 மணி 42 நிமிடம். கால அட்டவணையில் காண்பதும் ஏறக்குறைய இதுதான். அதே முறையில் பிராங்க்ஃபர்ட்டுக்கு 9 மணி 30 நிமிடம், அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு 11 மணி 35 நிமிடம், பெங்களூரிலிருந்து நேரடியாகப் பறந்தால் 17 மணி 20 நிமிடம்.

அந்த ஐந்து விழுக்காடு எங்கிருந்து வருகிறது என்று கேட்பார்கள். நூல் திபெத்தின் மேல் போனது நினைவிருக்கிறதா? பயணிகள் விமானங்கள் பொதுவாக அந்தப் பீடபூமியைத் தவிர்க்கின்றன. உள்ளே காற்றழுத்தம் போய்விட்டால் விமானம் உடனே 10,000 அடிக்கு இறங்க வேண்டும், பயணிகளின் ஆக்சிஜன் முகமூடி சிறிது நேரத்துக்கே தாங்கும். திபெத்தில் தரையே 4,500 மீட்டர், அதாவது பதினாலாயிரம் அடிக்கு மேல். இறங்க இடமில்லை. அதனால் சுற்றிப் போகிறார்கள்.

அரசியலும் தூரத்தைக் கூட்டும். 2022 முதல் ஐரோப்பிய, அமெரிக்க நிறுவனங்கள் ரஷ்யாவின் மேல் பறக்க முடியாமல் போனது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய நிறுவனங்களுக்கு மூடியபோது டெல்லியிலிருந்து மேற்கே போகும் பல விமானங்களின் நேரம் கூடியது. ஆகவே இரண்டு வருடம் முன்பு போய் வந்த உறவினர் சொல்லும் நேரத்தை அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள்.

6. காற்றைச் சேருங்கள்

போகும் நேரமும் வரும் நேரமும் ஏன் ஒன்றாக இல்லை என்பதுதான் எனக்கு அதிகம் வரும் கேள்வி. விமானம் பறக்கும் உயரத்தில், நம் வட அரைக்கோளத்தின் நடுப்பகுதியில், காற்று மேற்கிலிருந்து கிழக்கே ஆறு போல ஓடுகிறது. குளிர்காலத்தில் அது மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும். கிழக்கே போனால் ஆற்றோடு நீந்துகிறீர்கள், மேற்கே போனால் எதிர்த்து.

"பூமி நமக்குக் கீழே சுழல்வதால்" என்று சிலர் விளக்குவார்கள். அது சரியல்ல. காற்றும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. வித்தியாசம் அந்தக் காற்றோட்டத்தால் மட்டுமே.

கணக்கில்: பத்து மணி நேரப் பயணம் மேற்கே என்றால் அரை மணி கூட்டுங்கள், கிழக்கே என்றால் முக்கால் மணி கழியுங்கள். பெங்களூரு – பிராங்க்ஃபர்ட் 10 மணி, திரும்பும்போது 8:45. மிகவும் வடக்கே ஏறிப் போகும் பாதைகளில் எதிர்காற்றின் அடி குறைவு, அதனால் பிராங்க்ஃபர்ட் – சான் பிரான்சிஸ்கோவுக்கு 11:30 என்றே வைத்துக்கொள்ளலாம். திரும்பி வர 10:30.

டோக்கியோ வழி இங்கேதான் மதிப்புப் பெறுகிறது. அந்த வழியில் கலிபோர்னியா போகும்போது இரண்டு துண்டும் கிழக்கு நோக்கி. குளிர்காலத்தில் பசிபிக் துண்டு ஒன்பதரை மணிக்குள் முடியும், திரும்பும்போது அதே துண்டு பதினொன்றைத் தாண்டும். டோக்கியோ வழியாகப் போய் ஐரோப்பா வழியாகத் திரும்பினால் உலகையே சுற்றி வந்தாலும் எப்போதும் காற்று முதுகில்தான் இருக்கும். அப்படி டிக்கெட் எடுத்தால் விலை வேறாக இருக்கும், பார்த்து முடிவு செய்யுங்கள்.

இந்தப் படி முடிந்ததும் ஃபிளைட்ரேடார்24 போன்ற தளத்தில் நீங்கள் போகப்போகும் விமான எண்ணின் கடந்த ஒரு வாரத்தைப் பாருங்கள். உங்கள் கணக்கும் அதுவும் அரை மணிக்கு மேல் விலகினால் நான்காம் படிக்குத் திரும்புங்கள், பாதை மாறியிருக்கும்.

7. நடுவில் நிற்கும் நேரம்

டிக்கெட் தளம் ஒன்றேகால் மணி நேரக் கனெக்ஷனையும் விற்கும், விதிப்படி அது செல்லும். இளைஞர் ஓடிப் பிடித்துவிடுவார். வீல்சேர் கேட்டிருக்கும் பெரியவர்களுக்கு மூன்று மணி நேரத்துக்குக் குறைவாக எடுக்காதீர்கள். வீல்சேர் பயணிகளைக் கடைசியாகத்தான் இறக்குவார்கள். அதிலேயே அரை மணி போய்விடும்.

இரண்டு துண்டும் ஒரே பி.என்.ஆரில் இருக்க வேண்டும். தனித்தனியாக எடுத்தால், முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது.

அமெரிக்க இமிக்ரேஷன் எங்கே நடக்கும் என்பதையும் இப்போதே எழுதுங்கள். அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரில்தான். நியூயார்க்கில் இறங்கி மாறினால் அங்கேயே இமிக்ரேஷன் முடித்து, பெட்டியை எடுத்து, மறுபடி ஒப்படைக்க வேண்டும். அதற்கு நான்கு மணி நேரம் வையுங்கள். அபுதாபி வழியாகப் போனால் அமெரிக்க இமிக்ரேஷனை அங்கேயே முடித்துவிடும் வசதி 2014 முதல் உண்டு. அப்போது நேரம் அபுதாபியில் கூடும், இறங்கும் ஊரில் குறையும்.

8. எல்லாவற்றையும் ஒரே கடிகாரத்துக்கு மாற்றுங்கள்

இந்தப் படியில் தவறினால் முந்தையவை எல்லாம் வீண். டிக்கெட்டில் அச்சான ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊரின் நேரம். அவற்றை நேரடியாக ஒன்றிலிருந்து ஒன்று கழிக்கவே கூடாது. எல்லாவற்றையும் முதலில் இந்திய நேரத்துக்கு மாற்றுங்கள். விமானத் துறை யூ.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் கணக்கிடும். ஆனால் அப்பாவின் கைக்கடிகாரம் இந்திய நேரம் காட்டுகிறது, அதனால் நமக்கு அதுவே வசதி.

இந்திய நேரம் கிடைக்க அந்த ஊர் நேரத்தோடு சேர்க்க வேண்டியவை: ஜெர்மனி குளிர்காலத்தில் 4:30, கோடையில் 3:30. கலிபோர்னியா குளிர்காலத்தில் 13:30, கோடையில் 12:30.

அமெரிக்காவில் கோடை நேரம் மார்ச் இரண்டாம் ஞாயிறு தொடங்கி நவம்பர் முதல் ஞாயிறு முடியும். ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை. மார்ச்சில் இடைப்பட்ட இரண்டு மூன்று வாரம் அமெரிக்கா மாறியிருக்கும், ஐரோப்பா மாறியிருக்காது. அந்த வாரங்களில் பயணம் என்றால் இருமுறை சரிபாருங்கள்.

ஒரு எடுத்துக்காட்டு, ஜனவரி மாதம்:

செவ்வாய் 03:00 பெங்களூரில் கிளம்புகிறது. இந்திய நேரம் செவ்வாய் 03:00.
செவ்வாய் 08:30 பிராங்க்ஃபர்ட்டில் இறங்குகிறது. இந்திய நேரம் 13:00. பறந்தது 10 மணி.
செவ்வாய் 13:00 அங்கிருந்து கிளம்புகிறது. இந்திய நேரம் 17:30. நின்றது 4:30.
செவ்வாய் 15:30 சான் பிரான்சிஸ்கோ. இந்திய நேரம் புதன் 05:00. பறந்தது 11:30.

செவ்வாய் 03:00 முதல் புதன் 05:00 வரை, மொத்தம் 26 மணி நேரம். டிக்கெட்டை மட்டும் பார்த்தவர் "அதிகாலை கிளம்பி அன்று மாலையே இறங்கிவிடுகிறார்கள், பன்னிரண்டரை மணிதான்" என்பார்.

திரும்பும்போது நேர் எதிர். வெள்ளி 14:30 சான் பிரான்சிஸ்கோவில் கிளம்பினால் இந்திய நேரம் சனி 04:00. சனி 10:00 பிராங்க்ஃபர்ட்டில் இறங்கினால் 14:30. அங்கிருந்து 12:30-க்குக் கிளம்பினால் 17:00. பெங்களூரில் ஞாயிறு 01:45. மொத்தம் 21 மணி 45 நிமிடம்தான். காலண்டரில் வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாள் தெரிவதால் பயந்துவிடுகிறார்கள்.

9. தேதியை வாய்விட்டுச் சொல்லுங்கள்

பெங்களூரிலிருந்து வெளிநாடு போகும் விமானங்களில் நிறைய நள்ளிரவுக்குப் பின் கிளம்புபவை. டிக்கெட்டில் "15-ஆம் தேதி 01:40" என்றிருந்தால் 14-ஆம் தேதி இரவுச் சாப்பாடு முடித்ததும் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்.

என் சித்தப்பாவுக்கு ஒரு முறை "பதினைந்தாம் தேதி ராத்திரி விமானம்" என்று நான் சொல்லிவிட்டேன். அவர் பதினைந்தாம் தேதி இரவு பெட்டியோடு போய் நின்றார். விமானம் போய் இருபது மணி நேரம் ஆகியிருந்தது. அவர் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து "14-ஆம் தேதி செவ்வாய் இரவு, விடிந்தால் புதன்" என்று இரண்டு கிழமையையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன், சொல்கிறேன்.

வந்து சேரும் நேரத்தில் "+1" (மறுநாள்), "+2" (அதற்கும் மறுநாள்) என்ற சிறு எழுத்தைத் தேடுங்கள். அழைத்துப் போக வருகிறவருக்கு அதுதான் முக்கியம்.

10. வாசல் முதல் வாசல் வரை

சர்வதேச விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். செக்-இன் கவுண்டர் வழக்கமாக ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். பெங்களூரில் சர்வதேச விமானங்கள் 2023 செப்டம்பர் முதல் இரண்டாம் முனையத்திலிருந்து; கேப் ஓட்டுநரிடம் அதைச் சொல்லுங்கள்.

சாலை நேரத்தைப் பின்னோக்கி எண்ணுங்கள். ஓசூரிலிருந்து வருகிறவர்களுக்கு அத்திப்பள்ளி, சில்க் போர்டு, ஹெப்பாள் என்று மூன்று இடங்களில் சிக்கல். வரைபடச் செயலியை மதியம் பார்த்துவிட்டு இரவுக்கு முடிவெடுக்காதீர்கள். கிளம்பும் அதே கிழமையில், அதே மணியில், ஒரு வாரம் முன்பே பார்த்துக் குறித்து வையுங்கள். மழைக்காலம் என்றால் மேலும் முக்கால் மணி.

நம் எடுத்துக்காட்டில் திங்கள் இரவு 9 மணிக்கு ஓசூர் வீட்டைப் பூட்டினால் விமானம் வரை 6 மணி. பிறகு 26 மணி. அங்கே இறங்கி, இமிக்ரேஷன் வரிசை, பெட்டி, மகன் வீடு வரை கார் என்று 2:30. கூட்டினால் 34 மணி 30 நிமிடம். பாட்டி சொன்ன முப்பத்தைந்துக்கு வந்துவிட்டோம்.

11. பயணிக்கிறவருக்கு ஒரு தாள்

இத்தனை கணக்கும் உங்கள் கைப்பேசியில் இருந்து பயனில்லை. பெரிய எழுத்தில், தமிழில், ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். இடப்பக்கம் இந்திய நேரம், வலப்பக்கம் அந்த ஊர் நேரம். நடுவில் செய்ய வேண்டியது: "இறங்கு", "வீல்சேர்காரரோடு போ", "மூன்று மணி நேரம் உட்கார்", "இரண்டாவது விமானம் ஏறு".

மாத்திரையையும் அதே தாளில் இந்திய நேரப்படி குறியுங்கள். காலை 8, இரவு 8 என்று சாப்பிடுகிறவர் விமானத்தில் ஜன்னலைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தால் குழம்பிவிடுவார். மேற்கே போகும்போது பகல் முடியாமல் நீண்டுகொண்டே போகும். இன்சுலின் போடுகிறவர்கள் இந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டி, எந்த நேரத்தில் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். மணி நேரம் துல்லியமாக இருந்தால் அவரால் ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியும். மருந்தும் மருந்துச் சீட்டும் கைப்பையில், செக்-இன் பெட்டியில் அல்ல.

கைக்கடிகாரத்தை மாற்ற வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். மகன் வீட்டுக்குள் போய் உட்கார்ந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம்.